சித்திரையில் முழுக்கை

பெரம்பலூர்
18-7-1946

என் உடன்பிறந்தாள் மகன் ஜபருல்லாவுக்கு மாமன் சாகுல் ஹமீது சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் நானும் உன் மாமி ஜைனம்பும் கடையும் சுகம். உன் சுகத்தை, செவ்வாய்க்கிழமை நீ கோர்ட்டை விட்டுப் போன வேகத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். உன் பெண்சாதி பத்ருன்னிசா விவாகரத்துக் கேட்டு அரியலூர் முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கில், மனிலாவில் நீ கட்டியிருந்த லூர்தெஸ் உன்மேல் வாங்கிய ஸ்பானிஷ் தீர்ப்புக்கு நான் தமிழ் சொன்னேன். நீ சொல்லச் சொன்ன தமிழைச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காகிதம் பத்ருன்னிசா கையில் சிக்கி, அவள் வக்கீல் கிருஷ்ணமூர்த்தி அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தபோது, மனிலாவில் பதினோரு வருஷம் ஜவுளி விற்றவன் என்ற பெருமையில் "அதுக்கென்ன சார், சொல்லிடலாம்" என்றேன். அன்று சாயங்காலமே நீ வந்து நின்றாய். "தீர்ப்புல செவீசியான்னு வர்ற இடத்துல கண்டிப்புன்னு போடுங்க மாமா. மாலோஸ் த்ராத்தோஸுக்குச் சின்ன மனஸ்தாபம். தாலூகாவுல நம்ம ரெண்டு பேரை விட்டா யாரு வந்து பார்க்கப் போறா?" என்றாய். கூடவே பத்து பேல் கண்ட்ரோல் துணி என்றாய். ஊரே கோவணத்துக்கு ரேஷன் கார்டு நீட்டும் காலத்தில் பத்து பேல்! நான் வியாபாரி. சரி என்றுதான் சொன்னேன், ராத்திரியே பேல்களும் என் கடையில் இறங்கிவிட்டன.

அன்று பிடித்தது எனக்குப் பீடை. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆடு ஒரு மூலையைத் தின்றுவிட்டது, மிச்சத்தைப் பிடுங்கிய உன் மாமி இது என்ன ஏது என்று துருவ, பெண்சாதியைக் கொடுமை செய்வதற்கு அந்த ஊர்க் கோர்ட்டில் வகைவகையாய்ப் பேர் இருக்கிறது என்று வாய்விட்டேன், அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள். "ஏங்க, அடிக்காம, திட்டாம, ஆறு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்குறதுக்கு அங்க என்ன பேரு?" தெரியாது என்றேன். "அப்ப உங்க பேரையே வச்சிருங்க" என்றாள். மறுநாள் சோறு கடைக்கு வரவில்லை.

பசியோடு பேல் மேல் சாய்ந்தேன். ஜபரு, அந்த மனிலா குண்டில் எரிந்து போயிற்று என்கிறார்கள். என் மத்தியானத் தூக்கத்தில் மட்டும் எரியவில்லை. ஆற்றில் தேங்காய்ப் படகுகள் சத்தமில்லாமல் போகின்றன, தகரக் கூரையில் மழை, மாதா கோவில் மணி தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்கிறது. என் கடை வாசலில் லூர்தெஸ். ஏப்ரல் வெயில், நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காத வெயில். அவள் "மங்கா லார்கா" என்கிறாள். முழுக்கைச் சட்டைக்குத் துணி. அரை கெஜம் கூடப் போகிறதே என்ற சந்தோஷத்தில் நான் கிழிக்கிறேன், துணி முடியவே மாட்டேனென்கிறது, வெள்ளையாய் ஆறு மாதிரி ஓடுகிறது. நிமிர்ந்தால் எதிரே நிற்பது பத்ருன்னிசா. போன சித்திரையில் அவளும் என் கடைக்கு வந்து, "முழுக்கை வைக்கிற மாதிரி குடுங்க மாமா" என்றாளே. அப்போதும் அரை கெஜம் கூட என்று சந்தோஷப்பட்டுத்தான் கிழித்தேன்.

கரிப் புகை பஸ்ஸில் முகம் கறுத்து அரியலூர் சேர்ந்தேன். செவீசியா என்றால் என்ன என்று முன்சீப் கேட்டார். "சித்திரை வெயில்ல ஒரு பொம்பளை முழுக்கை ரவிக்கைக்குத் துணி கேட்டு வருவா பாருங்கய்யா, அதுதான்" என்றேன். உன் வக்கீல் சிரித்தார். முன்சீப் சிரிக்கவில்லை. "ஏன் கேட்கிறாள்?" "கையை மூடிக்கத்தான் அய்யா." அப்போதுதான் நீ துள்ளி எழுந்தாய்: "துணி வாங்க வந்தவ உங்ககிட்ட தழும்பையுமா காட்டுனா?"

தழும்பு என்ற பேச்சை அதுவரை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை, மருமகனே. முன்சீப் எழுதிக்கொண்டார். நேற்று உன் வக்கீல் ராஜிக்கு வந்துவிட்டார்.

ஸ்பானிஷ் அறிந்தவன் என்ற பொறுப்பில் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன் என்ற திருப்தி எனக்கு. உன் பேல்களை ஆள் விட்டு எடுத்துப் போ. இறைவன் உனக்குப் பொறுமையையும் தணிந்த கையையும் தருவானாக.

உன் நலம் நாடும் மாமன்,
சாகுல் ஹமீது

பி.கு.: எனக்கு ஸ்பானிஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. வக்கீல் எழுத்துக் கூட்டிப் படித்ததிலும் கடையில் புழங்கிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. செவீசியாவுக்கு என்ன பொருள் என்று உனக்குத்தான் தெரியும், ஒரு கார்டு போடு. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றாயே, அது மட்டும் சரி. பேல்களுக்கும் ஆள் விட வேண்டாம், பத்ருன்னிசா நேற்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். உன் வக்கீல் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது: தலாக் இந்த வெள்ளிக்கிழமைக்குள். மகர்ப் பணம் முழுதும் அவளுக்கு. உங்கள் மகள் அவளோடு. தையல் மெஷின் அவளுக்கு. பத்து பேலும் அவளுக்கு. உன் மாமி கேட்டுச் சேர்த்தது: அதில் தைக்கும் முதல் ரவிக்கை மாமிக்கு, தையல் கூலி உன் கணக்கு, அரைக்கை.