மைக்செட் அண்ணனிடம் ரகசியம் சொல்லாதீர்கள்

சமயநல்லூரில் தொடங்கி விளாங்குடி வரை வீடு வீடாகத் தேடினாலும், ரகசியத்துக்கு எங்கள் மைக்செட் அண்ணனைப் போல லாயக்கற்ற ஆள் கிடைக்கமாட்டார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் பால் கம்பெனி. அதன் லேப்பில் அவர் சீனியர், நான் அடுத்த மேஜை. வருகிற பாலைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வது எங்கள் வேலை. அவர் தலையாட்டாமல் ஒரு டேங்கரும் உள்ளே போகாது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியங்களை மீட்டிங் போட்டுச் சொல்வார்கள். மற்றதற்கெல்லாம் தோளில் கை விழும். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கேட்பார்கள். பெரிய மனிதர் நம்மை மதித்துக் கேட்கிறாரே என்று உள்ளம் குளிர்ந்துவிடும். அதற்குப் பிறகு மறுக்க வாய் வராது.

மைக்செட் அண்ணனிடம் இது நடக்காது. கேட்டதை அப்படியே, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வார்.

"அதாவது சார், நேத்து மிஞ்சுன தயிர்ல இன்னைக்குத் தேதிய அடிக்கணும். அம்புட்டுத்தேனே?"

மேனேஜர் அவர் வாயைப் பொத்தப் போவார். அண்ணனுக்குக் காது மந்தமா என்றால், கிடையாது. கேன்டீனில் வடை எண்ணெயில் விழும் சத்தம் முதலில் அவருக்குத்தான் கேட்கும்.

மேனேஜர் வாட்ஸப்பில் அனுப்பிப் பார்த்தார். அண்ணன் அதை வானொலிச் செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார். கடைசியில் மேனேஜர் ஒரு தந்திரம் செய்தார். கரண்ட் போன சமயமாகப் பார்த்து அண்ணனை ஜெனரேட்டர் பக்கம் கூட்டிப்போனார். அந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? அண்ணனும் இரைச்சலுக்கு ஈடுகொடுத்துக் குரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது, ஆபரேட்டர் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். "செக்கிங் வாரவுகளுக்கு மட்டும் நல்ல பாலா எடுத்துக் காட்டணுமா சார்?" என்பது கேன் கழுவும் பெண்கள் வரை போய்ச் சேர்ந்தது. மேனேஜர் அன்று மதியமே லீவு போட்டுவிட்டுப் போனார்.

ஏன் இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மெதுவாக் கேட்டா எனக்கே சரின்னு பட்ரும் மாப்ள," என்றார். "சத்தமாச் சொன்னாத்தேன் அது எம்புட்டு அசிங்கம்னு தெரியுது."

தீபாவளி வந்தது. ஸ்வீட் கடைகளெல்லாம் பால் கேட்டு நச்சரிக்கிற நேரத்தில், கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்த டேங்கர் நெடுஞ்சாலையில் பழுதாகி வெயிலில் நின்றுவிட்டது. வந்து சேரும்போது பால் புளித்திருந்தது. அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

முதலாளியே லேப்புக்கு வந்தார். ஓரமாகக் கூப்பிடவில்லை, தோளில் கை போடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. எல்லோர் முன்னாலும், "புளிப்புத் தெரியாம சோடா உப்பப் போட்டு பாஸ் பண்ணி விடுங்க. இல்லேன்னா நாளைலருந்து வர வேணாம்," என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும்தான் கேட்டுவிட்டதே. கூச்சப்படாத மனிதரிடம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"என்னால முடியாது சார்."

நாங்கள் அதுவரை கேட்டிராத மெல்லிய குரல். என்ன சொன்னாய் என்று முதலாளி குனிந்தார். அண்ணனுக்கு இரண்டாம் முறை குரலே வரவில்லை. வாசலில் நின்ற டேங்கர் டிரைவர்தான், முதலாளிக்கு உதவுகிற நினைப்பில், "அவரால முடியாதாம் சார்," என்று எடுத்துக்கொடுத்தார்.

அத்தனை பேர் கேட்ட பிறகு அந்தப் பாலைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கீழே கொட்டினார்கள். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மறுநாள் அண்ணன் வரவில்லை.

லேப் இப்போது அமைதியாக இருக்கிறது. நிம்மதி என்கிறார் மேனேஜர். என் காதுதான் அந்த மனிதரின் சத்தத்தைத் தேடுகிறது.