ரங்கத் கப்பலை ரத்து செய்த பாட்டு

பெரிய சொற்களை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர்களால் ஊருக்கு வரும் ஆபத்து, ஒன்றுமே புரியாதவர்களால் வருவதில்லை. நான் அப்படிப் புரிந்துகொண்ட சொல் பின்நவீனத்துவம்.

அப்போது போர்ட் பிளேரில் கல்லூரி இரண்டாம் வருடம். பாப் பாட்டு வீடியோக்களைப் பற்றி ஆசிரியை பாடம் எடுத்தார். பாடகி ஒரே பாட்டில் மணப்பெண்ணாக வருவார், போலீஸாக வருவார், செய்தியும் வாசிப்பார். எது அசல், எது வேஷம் என்று பார்ப்பவர் குழம்ப வேண்டும் என்றார். (இன்னும் நிறையச் சொன்னார். எனக்குக் குழப்பம் வரைக்கும்தான் ஏறியது.)

அந்த வாரமே நானும் தோழி மிதாலியும் வீடியோ எடுக்கக் கிளம்பிவிட்டோம். மிதாலி, கப்பலேறிப் போக வேண்டிய ரங்கத் ஊர்ப் பெங்காலிப் பெண். அவளிடம் நல்ல போன் இருந்தது. என்னிடம் நல்ல குரல் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். இடம், தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும், அப்பா வேலை பார்த்த ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸ் கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைச் சீருடைச் சட்டையை, அம்மாவின் பட்டுப்புடவைமேல் மாட்டிக்கொண்டேன். கண்ணில் கூலிங் கிளாஸ்.

பாட்டின் நடுவே தாளம் நின்று, நானே இந்தியில் பதிவுசெய்த அறிவிப்பு வரும்: "ரங்கத் பயணிகள் கவனிக்கவும். இன்று கப்பல் கிடையாது. கப்பல் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை."

மிதாலி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தாள்.

வரிசையில் நின்றவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். தத்துவம் வரும் வரை யாரும் நிற்கவில்லை. கத்தரி நாற்றோடு ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்தார். சீருடையில் இருப்பது நான்தானே!

"மகளே, ஜஹாஜ் கேன்சலா? நாத்து வாடிப்போயிருமே!"

"இல்லைங்க, இது பாட்டு."

"இப்பெல்லாம் பாட்டுப் போட்டா கேன்சல் பண்றீங்க?"

அதற்குள் என்னைச் சுற்றிக் கூட்டம். "ருக்கோ மத், நிறுத்தாதே, சூப்பரா வருது!" என்று மிதாலி படம்பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா ஓடிவந்தார். தன் சட்டை புடவை கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் முதலில் ஸ்பீக்கரை அணைத்தார்.

"யாருடி உன்னைக் கப்பலை நிறுத்தச் சொன்னது?"

"அப்பா, இது பின்நவீனத்துவம்."

"எதுவா இருந்தாலும் கழட்டிட்டுப் பேசு!"

பஸ் பிடிக்கப் போனவர்களை அப்பா வாசலுக்கு ஓடி மடக்கினார். மூட்டைகளை நானும் மிதாலியும் திரும்பச் சுமந்தோம். கப்பல் தாமதமாகக் கிளம்பியது. மேலதிகாரி வந்து என்னைக் காட்டி, "யே கோன் ஹை, யார் இது?" என்றார். அப்பாவின் வேலைக்கே உலை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மேரி பேட்டி, சார். சிங்கர் ஹை." என் மகள், பாடகி என்று.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டார். என்னை ஒருவர் பாடகி என்று சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

இப்போது மெயின்லேண்டில் ஒரு வங்கியில் இருக்கிறேன். அந்த வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. என் பாட்டைவிட அலைச்சத்தமும் அப்பாவின் அதட்டலும்தான் அதில் நன்றாகக் கேட்கின்றன. அவற்றுக்காகவே அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன்.

லீவுக்கு வருகிறேன் என்று போன் செய்தால், ஓய்வுபெற்றுவிட்ட அப்பா கேட்பது ஒன்றுதான்: "அசலா, பாட்டா?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும். டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் மீன் வாங்கப் போகிறார்கள்.