அரக்கனின் ஆள்காட்டி விரல்

உலகத்தில் விளக்கம் கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர்கள் அல்ல. டீக்கடை பெஞ்சிலும் பஸ் ஸ்டாண்டு நிழலிலும் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலும் நீங்கள் பார்த்தவர்கள்தான். எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவன் ஒரு காரியம் செய்துவிட்டால், செய்தவனைத் தேடிப் போய்க் கேட்க இவர்களுக்கு நேரமும் இல்லை, பஸ் வசதியும் இல்லை. ஆகவே அவனோடு பெயரிலோ ஜாடையிலோ சாமி கும்பிடுகிற முறையிலோ ஒத்துப்போகிறவர் உள்ளூரில் கைக்கெட்டும் தூரத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்து, அவரைப் பிடித்து, ஆள்காட்டி விரலை நீட்டி, "இன்னா, உங்காளுங்க இப்டிப் பண்ணிட்டாங்களே?" என்று கேட்பார்கள். பதில் தேவையில்லை. கேட்டதோடு அவர்கள் கடமை முடிந்தது.

செஞ்சி வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைமைப் பீடம் சிங்கவரத்து இளையபெருமாளிடம் இருந்தது. பரம்பரையாக மணியம் பார்த்தவர். எண்பதாம் வருஷம் சர்க்கார் ஒரே உத்தரவில் பரம்பரை மணியக்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோது இவருக்கும் வேலை போயிற்று. ஊராரிடம் விளக்கம் கேட்கிற வேலை போனதே தவிர, கேட்கிற வழக்கம் போகவில்லை. பார்த்தார். ஊரை விட்டுவிட்டு உலகத்தை எடுத்துக்கொண்டார். உலகத்தின் சார்பில் அவர் கைக்கு அகப்பட்டவர் வாணக்கார சாந்த் பாஷா.

பாஷாவுக்குத் தொழில் வாணவேடிக்கை. சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களுக்கு அவுட்டு, சரவெடி, சக்கரம் எல்லாம் அவர் கையால்தான். சிங்கவரத்து அம்மன் திருவிழாவின் கடைசி நாளில், மூங்கிலும் காகிதமும் கொண்டு கட்டிய அரக்கனை ஏரிக்கரையில் நிறுத்தி, உடம்பெல்லாம் வெடி வைத்து, அம்மன் பார்க்கக் கொளுத்துவது அவருடைய வாப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்து உரிமை. அம்மனுக்கு இதில் ஆட்சேபம் இருந்ததாகத் தகவல் இல்லை. காலையில் டீ குடிக்கக் கடைவீதிக்கு வந்தால் மட்டும் அவர் வாணக்காரர் அல்ல, பல தேசங்களுக்குத் தூதர்.

பெய்ரூட்டில் வெடித்தால் பாஷா பதில் சொல்ல வேண்டும். யாராவது விமானத்தைக் கடத்தினால் அதை எங்கே இறக்குவார்கள் என்று பாஷாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரானும் ஈராக்கும் மோதிக்கொண்டபோதுதான் அவர் பாடு பெரும் திண்டாட்டமாயிற்று. "ரெண்டு பேரும் உங்காளுங்க. யார் மேல பாய் தப்பு?" என்றார் இளையபெருமாள். இரண்டு பக்கமும் தானே நின்று தன் தலையில் தானே குண்டு போட்டுக்கொள்கிற நிலைமை வேறு யாருக்கு வரும்? "சமாதானமா போவச் சொல்றேன் மணியக்காரரே," என்று பாஷா டீயைக் குடித்தார். அவர்கள் கேட்கவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாதம் நிலைமை முற்றியது. பெர்லினில் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்த கூடத்தில் குண்டு வெடித்தது. லிபியாதான் காரணம் என்று சொல்லி அமெரிக்கா ஒரே ராத்திரியில் அந்த நாட்டின் மேல் குண்டு போட்டது. அதே வாரம் ஷார்ஜாவில் பாகிஸ்தான்காரர் ஒருவர் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்துத் தொலைத்தார். மூன்று கேஸும் பாஷா தலையில் விழுந்தன. கிரிக்கெட் மட்டை எந்தப் பக்கம் தட்டையாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. "நீ இன்னா பாய், கடைசி பால்ல இப்டி அடிச்சிட்ட!" என்றார் இளையபெருமாள். 'உங்காளுங்க'கூட உதிர்ந்துபோய் வெறும் 'நீ' மட்டும் மிஞ்சிவிட்டது.

பாஷா மனசில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டார்களா? ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவில் குண்டு வைத்தவனை நினைத்தால் அவருக்கு ரத்தம் கொதித்தது. அதற்காக, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் போய்க் குண்டு போட்டவனை நினைத்தால் வயிறு எரிந்தது. இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மத்தியானம் ஊற்றியது அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரைக் கரைத்த பால். அமெரிக்கா என்று யார் சொன்னாலும் அவர் நாக்கில் முதலில் அந்தப் பால்தான் தித்திக்கும். பாலும் கொடுத்துக் குண்டும் போடுகிறவனை என்ன செய்வது என்று அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். விளக்கம் கேட்பவர்களின் பொறுமை டீ ஆறும் வரைதான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று இளையபெருமாள் பாஷா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்தான் விழாக் கமிட்டிச் செயலாளர்.

"கமிட்டியில பேசிக்கிறாங்க பாய். வெடிமருந்து சமாச்சாரம். இந்த நேரத்துல உங்காளுங்க கையில குடுக்கலாமான்னு கேக்கறாங்க."

"எங்காளுங்கன்னா யாரு மணியக்காரரே? வாப்பாவுக்கு அப்புறம் நான் ஒருத்தன்தானே வாணம் கட்டறேன்?"

"அதான் நான் ஒரு வழி சொல்லியிருக்கேன். இந்த வருசம் அரக்கனுக்கு அந்த லிபியாக்காரன் மூஞ்சிய வெச்சிடு. நீயே உங் கையால கொளுத்திடு. அப்புறம் எவன் உன்ன கேள்வி கேப்பான்?"

விரல் பாஷாவின் மூக்குக்கு நேராக நின்றது. சிங்கவரம் கைவிட்டால் பனமலை கைவிடும், பனமலையைப் பார்த்துத் தளவானூர் கைவிடும். அதன் பிறகு செஞ்சியில் வாணக்கார பாய் என்று ஒருவர் இருக்கமாட்டார். பாஷா தலையை ஆட்டிவைத்தார்.

செய்தி வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. தொழுகை முடிந்ததும் அக்கா மகன் உமர் பாரூக் வாசலிலேயே மறித்தான். குவைத்திலிருந்து லீவில் வந்திருப்பவன். அங்கே அவனுக்குச் சம்பளம் கொடுப்பது ஓர் அமெரிக்கக் கம்பெனி.

"இன்னா மாமு, நம்மாளுங்க மேல குண்டு போட்டவன வுட்டுட்டு நம்மாளையே கொளுத்தப் போறியாமே? அமெரிக்காக்காரன் மூஞ்சிய வை. கார்ட்டூன்ல வர்ற மாதிரி தலையில உயரமா தொப்பி வை. இல்லன்னா ஜமாத்துல எவன் மூஞ்சிலயும் நீ முழிக்க முடியாது."

இவனும் விரலை நீட்டித்தான் பேசினான் என்பதைக் கவனியுங்கள். 'உங்காளுங்க' பேசுகிறவருக்கு 'நம்மாளுங்க' பேசுகிறவர் ஒன்றுவிட்ட பங்காளி. பாஷா இவனுக்கும் தலையை ஆட்டிவைத்தார்.

இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மூங்கில் வாங்கப் போனவர், வழியில் கோட்டை அடிவாரத்தில் ஒரு வெள்ளைக்காரர் இளநீர் குடிப்பதைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தினார். பாலும் குண்டும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. இளநீர்க்காரர் கோவிந்தசாமிக்கு நாலு தேசத்துப் பேச்சு அரைகுறையாகத் தெரியும். "கேளு கோவிந்தசாமி, அவுங்காளுங்க எதுக்கு இப்டிப் பண்ணாங்கன்னு கேளு!" என்றார் பாஷா. கோவிந்தசாமி கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய், தான் டென்மார்க்குக்காரர் என்றும், மாட்டு வைத்தியர் என்றும், மலை ஏற மட்டுமே வந்ததாகவும் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றார் பாஷா.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது, அவர் மனைவி ஜாஹிதா பேகம் காகிதத்துக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"டென்மார்க்கு மாட்டு டாக்டரு அமெரிக்காவுக்குப் பதில் சொல்லணும்னா, மணியக்காரர் உங்கள கேக்கறதுல இன்னாங்க தப்பு?"

பாஷாவுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. கோபத்தில் அவளை நோக்கி ஏதோ சொல்லக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு மூங்கிலை எடுத்து, அந்தக் கையின் ஆள்காட்டி விரலை முன்னால் வைத்துக்கொண்டு, அளவு பார்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

திருவிழாக் கடைசி நாள் பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் கூட்டம் நெரிந்தது. லிபியாக்காரனைப் பார்க்கக் கமிட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காக்காரனைப் பார்க்க உமர் பாரூக் நண்பர்களோடு வந்து புளியமரத்தடியில் நின்றிருந்தான். அரக்கனை மூடியிருந்த துணியைப் பாஷா உருவினார். உள்ளே எப்போதும் நிற்கிற அதே அரக்கன். அதே உருட்டு விழி, அதே கோரைப் பல், அதே மீசை. ஒன்று மட்டும் புதிது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, அதன் நுனியில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆள்காட்டி விரல்.

"பாய், லிபியாக்காரன் எங்க?" என்று எழுந்தார் இளையபெருமாள்.

"மாமு, தொப்பி எங்க?" என்று கத்தினான் உமர் பாரூக்.

இரண்டு பேரும் விரலை நீட்டிக்கொண்டுதான் கேட்டார்கள். இனி தொழிலும் இல்லை, ஜமாத்தும் இல்லை என்று பாஷாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிஸ்மில்லா சொல்லித் திரியைக் கொளுத்தினார்.

தரையில் கிடையாகச் சுழலும்படி வைத்த வண்டிச் சக்கரத்தின் மேல் அரக்கனை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி வாணங்களைக் கட்டியிருந்தார். அவை சீறின. அரக்கன் சுழன்றான். விரல் முதலில் கமிட்டியை நோக்கி வந்தது, கமிட்டி மொத்தமும் குனிந்தது. புளியமரத்தடிக்குப் போனது, உமர் பாரூக் மரத்துக்குப் பின்னால் போனான். பெண்கள் பக்கம் போய்ப் போலீஸ்காரரைத் தொட்டுப் பூசாரியைக் கடந்து ஊரையே ஒரு சுற்றுச் சுற்றியது. நீட்டின இடமெல்லாம் ஜனங்கள் "நான் இல்ல, நான் இல்ல!" என்று கூவிச் சிரித்தார்கள். அப்போது இளையபெருமாளின் மனைவி விருத்தாம்பாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஐயே, இது எங்க வூட்டு விரலு!"

ஏரிக்கரை அதிரச் சிரித்தது. இளையபெருமாளின் கை மெதுவாக இறங்கித் துண்டுக்குள் போயிற்று. சக்கரம் வேகம் குறைந்து நின்றபோது விரல் சாந்த் பாஷாவுக்கு நேராக நின்றது. அவரும் "நான் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தார். அது யாருடைய விரல் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் நின்றார். அரக்கன் வெடித்தான்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் பனமலையிலிருந்தும் தளவானூரிலிருந்தும் ஆட்கள் வந்து, எங்களுக்கும் அந்த விரல் அரக்கன்தான் வேண்டும் என்று பாஷாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பேப்பரில் மறுபடி எங்கோ ஏதோ வெடித்திருந்தது. இளையபெருமாள் படித்தார். மடித்தார். வழக்கம் போல் விரல் எழுந்தது.

"இன்னா பாய், உங்..."

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். விரல் பாதி வழியில் நின்று, யோசித்து, காதைச் சொறியப் போயிற்று.

"உங்க வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

இத்தனை வருஷத்தில் அவர் இதை ஒரு நாளும் கேட்டதில்லை. பாஷா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சௌக்கியம் மணியக்காரரே," என்றார்.

ஆகவே இந்த இனம் ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அதைச் சேர்ந்தவர் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "அட, நம்ம தெருவில ஒருத்தர் அசல் இப்படித்தான், அவங்காளுங்களே இப்படித்தான்" என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? அப்போது உங்கள் வலது கை எங்கே இருந்தது?