ஞாயிறு காலை டோர்ஸ்டனின் துவைக்கும் நேரம்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய யெர்த்ரூட் அத்தைக்கு,

சிக்னே எழுதுகிறேன். இங்கே அப்பாவின் சட்டைகளைத் தவிர அனைவரும் நலம். ஸ்டாக்ஹோமில் உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வீடு பார்த்துத் தருவது உங்கள் பொறுப்பு. நீங்கள் எங்களிடம் அனுப்பிய ஜார்ஜியா நாட்டுப் பெண் கேத்தோவை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி அப்பா போன் செய்திருப்பார். முடிவெடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

வந்த வாரமே கேத்தோவைக் கீழே கட்டடத்தின் பொதுச் சலவை அறைக்கு அழைத்துப் போய் மெஷின், உலர்த்தும் அலமாரி, பஞ்சு வடிகட்டி எல்லாம் காட்டினேன். சலவை நேரத்தைப் பதிந்துவைக்கும் பலகையில் எந்த வீட்டின் பூட்டு எந்த நேரக் கட்டத்தில் தொங்குகிறதோ, அந்த நேரத்தில் வேறு எவர் நிழலும் அங்கே விழக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லித் தருவார்களா? ஞாயிறு காலை இரண்டாம் மாடி டோர்ஸ்டனின் நேரம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அவர் கூடையோடு இறங்கினால், உள்ளே கேத்தோ பாடிக்கொண்டே எங்கள் துணிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். எங்கள் கட்டடத்தில் அதற்கு மேல் யாரும் திட்டுவதில்லை. அவளோ, "வாங்க தாத்தா! இடம் நிறைய இருக்கு, உங்களதையும் இதுலயே போட்டுடலாம்!" என்று கூடையை வாங்கி, அவருடைய உள்ளாடைகளை அப்பாவின் ஆபீஸ் சட்டைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். கூடவே அவருடைய சிவப்புக் காலுறைகளையும். அன்றிலிருந்து அப்பாவும் டோர்ஸ்டனும் ஒரே ரோஜா நிறத்தில் உடுத்துகிறார்கள்.

இதற்கு மன்னிப்புக் கேட்க, அவள் சீஸ் ரொட்டி சுட்டு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்தாள். அத்தை, வீட்டில் ஆளே இல்லாதது போலக் கட்டடமே விளக்கை அணைத்துவிட்டது! எங்கள் வீட்டு மணியையும் அவள்தான் அடித்தாள், சாவியை மறந்துவிட்டு. அம்மா கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் மாடி மாய்-லிஸ் மட்டும் கதவைத் திறக்காமலே, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ரொட்டி!"

"யாரும் சாகலைன்னா எதுக்கு மணி அடிச்சே?"

மறுநாளே குடியிருப்போர் சங்கத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர், "நல்ல பொண்ணுதான். ஆனா இந்தக் கட்டடம் தாங்காது" என்றார். கேத்தோ அதைக் கேட்டுவிட்டாள். அதன்பின் பாடுவதே இல்லை. பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

சங்கத்தின் விதிப் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன். சலவை அறையில் பேசக் கூடாது என்று எங்குமே இல்லை. யாராவது பேசுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். நேற்று எங்கள் நேரத்தில் நான் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தபோது டோர்ஸ்டன் கூடையோடு வந்து நின்றார். எங்கள் நேரத்தில்!

"அந்தப் பொண்ணு இல்லையா?"

"இல்ல. வகுப்புக்குப் போயிருக்கா."

"என்னைத் தாத்தான்னு கூப்பிட்டாளே," என்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பிறந்ததிலிருந்து ஒரே கட்டடத்தில் இருக்கிறேன், அத்தை. அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன்: கேத்தோவை மாற்றாதீர்கள். இனி அவள் யார் வீட்டு மணியையும் அடிக்க மாட்டாள், பிறர் நேரத்தில் கால் வைக்க மாட்டாள், சலவை அறையில் வாய் திறக்க மாட்டாள். இதற்கு நான் பொறுப்பு.

மாமாவுக்கும் உங்கள் பூனைக்கும் என் வணக்கங்கள். குளிருக்குக் கதகதப்பாக உடுத்துங்கள்.

என்றும் உங்கள்,
சிக்னே

பின்குறிப்பு: மேலே கொடுத்த வாக்குறுதிகளைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. மாய்-லிஸ்! யாரும் சாகவில்லையாம், அந்த ரொட்டிக்கு எந்த மாவு என்று கேட்க வந்தாராம். இருவரும் எங்கள் அடுப்பிலேயே ரொட்டி சுட்டு, கீழே சலவை அறைக்குக் கொண்டுபோனார்கள்; கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரே பேச்சும் சிரிப்பும். சத்தத்தை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று ரோஜாச் சட்டையோடு போன அப்பா திரும்பவில்லை. அவரைத் தேடி அம்மா தட்டுகளோடு போனாள். நானும் எட்டிப் பார்த்தேன். பலகையில் ஒரே நேரக் கட்டத்தில் எல்லார் பூட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. விதிப் புத்தகத்தில் இதற்கு எதிராகவும் ஒன்றுமில்லை. கேத்தோ பாடுகிறாள். நான் போகிறேன், ரொட்டி ஆறிவிடும்.