புதன்கிழமை முறைத் தண்ணீர்

கரையான்சாவடி,
யுவ வருஷம் மாசி 6

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ மைத்துனர், போலீஸ் ரைட்டர் ஜம்புலிங்கம் அவர்களுக்கு வீரராகவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் மாடுகள், உம் அக்கா கன்னியம்மாள், நான் ஆகிய எல்லோரும் அந்த வரிசைப்படியே சுகம்.

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் என் தோல் சாலைத் திருடிய எல்லம்மா மகன் ஆனந்தனைச் சிறுவர் ஜெயிலுக்கு அனுப்பும்படி தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டீரா? "பதினாலு வயசுப் புள்ள மச்சான், அங்க போனா முழுத் திருடனாத்தான் வருவான். ஊர் முன்னாடி நடந்ததைச் சொல்லட்டும், கெடுத்ததை அவனே சரி பண்ணட்டும்" என்று சொல்லி இன்ஸ்பெக்டரையும் தலையாட்ட வைத்தீர். கூட்டம் கூடியது. சந்தி சிரித்தது என் பிழைப்புதான்.

"டெண்டு கொட்டாய்ல படம் பாக்கக் காசில்ல. உஸ்மான் கனி பாய்கிட்ட பழைய தோலுன்னு வித்துட்டேன்" என்றான் ஆனந்தன். செருப்புத் தைக்கும் பாய் பதறிப்போனார். அவர் அதை அறுத்துச் செருப்பாக்கியிருந்தார். அதில் ஒரு ஜோடி என் காலில் இருந்தது. தோலைப் புகழ்ந்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கியிருந்தேன்.

அதோடு விட்டானா? ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர் அல்லவா, சொன்னான். "பொதன்கெழம மத்தியானம் அண்ணாத்தே தண்ணி எறைச்சிகினு இருந்தாரு. தவிடு எடுக்க ஊட்டுக்குப் போனாரு, அப்பத்தான் எடுத்தேன்." பொதுக் கிணற்றில் புதன்கிழமை பக்கத்துத் தோட்டத்துச் செங்கல்வராயன் முறை. மல்லிகை விற்க அவன் பட்டணம் போயிருந்த சமயம் அது. "இன்னா அண்ணாத்தே, அதான் என் செடியெல்லாம் வாடிப்போய் கீதா?" என்று எழுந்தான் அவன்.

ஆனந்தன் பாயோடு உட்கார்ந்து புதுச் சால் தைக்க வேண்டும். பிறகு அவனும் நானும் ஒரு மாதம் செங்கல்வராயன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். இதுதான் கூட்டத்தின் முடிவு. முதலில் கைதூக்கியவள் உம் அக்கா. இப்போது பையன் மாடு ஓட்டுகிறான், நான் மடை திருப்புகிறேன். போகிறவர்களெல்லாம் "ரெண்டு பேர்ல யாரு பெரிய திருடன்?" என்று விசாரிக்கிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை. உடனே கான்ஸ்டேபிளை அனுப்பிப் பையனைக் கொண்டுபோகவும்.

உம் குழந்தைகள் நோய்நொடியின்றி வளரட்டும். உம் யோசனைகளுக்கு மட்டும் என் ஆசீர்வாதம் கிடையாது.

இப்படிக்கு,
வீரராகவன்

பி.கு. இதைத் தபாலில் போடாமலே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. கான்ஸ்டேபிள் வேண்டாம். தண்டனை முடிந்த மறுநாள் விடியற்காலையில் பையன் தானாகவே வந்து மாடு பூட்டினான். "இன்னிக்கு உங்க மொறை நைனா, நம்ம தோட்டத்துக்கு எறைக்கலாம்" என்றான். நம்ம தோட்டமாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, உம் அக்காவிடம் சொல்லவில்லை. செங்கல்வராயன் இப்போதும் புதன்கிழமை பட்டணம் போகிறான். கிணற்றை ஆனந்தன் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் போகிறான், என் பொறுப்பில் அல்ல.