கடல்நாய்க்குக் கொட்டாவி காட்டிய பல்லண்ணை

பல்லண்ணைக்கு ஒரு மனிதரின் முகமாவது ஞாபகம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சிட்னியில், கிரவீன் பகுதி மளிகைக்கடையில் எதிரே நின்று வணக்கம் சொன்னால், வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கொஞ்சம் சிரித்துக் காட்டவேண்டும். உடனே மலர்ந்துவிடுவார். "ஓ, மேல் இடது கடைவாய். எப்பிடி இருக்கிறார்?" என்பார். விசாரிப்பது என்னை அல்ல, என் பல்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து நார்த்மீட்டில் பல் டாக்டர். நான் திருச்சியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆசாமி. அவரோடு நான் அண்டார்டிகா போனது என் சம்மதத்தோடு நடந்த காரியம் அல்ல. அவருடைய நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். பாதி வாய் மரத்துப்போய், மீதி வாய் நிறையப் பஞ்சு. கையிலிருந்த ட்ரில்லை நிறுத்திவிட்டு, "தம்பி, ஹோபார்ட்டில இருந்து கப்பல் போகுது. குளிருக்குள்ள வரமாட்டன் எண்டு மனிசி சொல்லிப்போட்டா. நீங்கள் வாறீங்களோ?" என்று கேட்டார். நான் "ஆ... ஆ..." என்றேன். முடியாது என்று அர்த்தம். அவர் அதை 'ஆமா' என்று எடுத்துக்கொண்டார். நான் வாய் கொப்பளித்து எழுவதற்குள் என் மனைவிக்குப் போன் போட்டு வாழ்த்தும் வாங்கிவிட்டார்.

கப்பலில் எல்லோரும் பெங்குவின் பார்க்க வந்தவர்கள். பல்லண்ணை வந்தது நண்டுதின்னி என்ற கடல்நாயைப் பார்க்க. பெயர்தான் நண்டுதின்னி, அது தின்பதெல்லாம் கூனி இறால். வாய் நிறையக் கடல்நீரை உறிஞ்சி, தண்ணீரைப் பல்லிடுக்கு வழியே வெளியே தள்ளிவிட்டுக் கூனியை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்ளுமாம். அதற்கென்றே ஒவ்வொரு பல்லும் கிளை கிளையாக, தங்க நகையில் பூவேலை செய்ததுபோல் இருக்குமாம்.

"ஆயுள் முழுக்க மனிசற்ற சொத்தைப் பல்லைத்தான் பாத்தனான், தம்பி. சாகமுதல் ஒரு நல்ல பல்லைப் பாத்திடவேணும்" என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் வாயைப் பார்க்கவில்லை.

தெற்கே போகப் போக, சுளகில் அரிசி புடைப்பதுபோல் கடல் எங்களைப் புடைத்தது. கப்பலில் பாதிப்பேர் படுக்கையில். ஊழியர்கள் இஞ்சியும் மாத்திரையும் கொடுத்தார்கள். பல்லண்ணை சுவரைப் பிடித்தபடி கேபின் கேபினாகப் போய், வாந்தி எடுத்த கையோடு பல் தீட்டாதீர்கள், எனாமல் போய்விடும் என்று எச்சரித்தார். உயிரே போய்க்கொண்டிருந்தவர்களுக்கு எனாமலைப் பற்றிக் கவலையில்லை. ஆனாலும் தலையாட்டினோம்.

பிறகு ஒரு காலையில் கடல் அடங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பனித்தட்டுகள். பெங்குவின்கள் ஓட்டமும் நடையுமாக வந்து விளிம்பில் நின்று, 'நீ முதலில் குதி' என்று ஒன்றையொன்று தள்ளின. கடைசியில் ஒன்று தவறி விழ, அதை யாரும் தின்னவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மற்றவை தொப்புத் தொப்பென்று குதித்தன. நான் சிறுபிள்ளைபோல் கைதட்டினேன். ஓர்காத் திமிங்கிலங்கள் கறுப்பு முதுகைத் தூக்கி மூச்சுவிட்டபோது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்னும்படி எல்லோரும் ஓடினோம். பல்லண்ணை பெங்குவின்களை ஒரே ஒரு முறை தொலைநோக்கியால் பார்த்தார். "ஒரு பல்லும் இல்லை. இதுகளோட எனக்கென்ன அலுவல்" என்று இறக்கிவிட்டார்.

நண்டுதின்னிகளுக்குக் குறைவே இல்லை. தட்டுக்குத் தட்டு மூட்டைபோல் கிடந்தன. அத்தனையும் தூக்கத்தில், அத்தனையும் வாயை மூடிக்கொண்டு. சத்தம் போடக்கூடாது, எழுப்பக்கூடாது என்று எங்கள் வழிகாட்டியான தாஸ்மேனியப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பல்லண்ணை யோசித்தார். கொட்டாவி தொற்றக்கூடியது அல்லவா? மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல்நாய்களை நோக்கிக் கொட்டாவி விட ஆரம்பித்தார். முதலில் பக்கத்திலிருந்த பெர்த் தம்பதிக்குத் தொற்றியது. பிறகு எனக்கு, பிறகு வழிகாட்டிக்கு. கொஞ்ச நேரத்தில் தளம் முழுக்கக் கொட்டாவி. கடல்நாய்கள் மட்டும் அசையவில்லை.

அதற்குள் கப்பலுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் முன்பின் தெரியாதவர்கள்கூட 'இன்றைக்கு வாயைத் திறந்ததா?' என்று கேட்டார்கள். அவர் உதட்டைப் பிதுக்குவார். நாளாக ஆக ஊரே சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குக் காத்திருப்பதுபோல் ஆகிவிட்டது.

கப்பல் திரும்புவதற்கு முன் கடைசி முறையாக ரப்பர் படகில் இறங்கினோம். காற்று பலத்ததால் காலைப் பயணம் ரத்தாகி, மத்தியானம்தான் விட்டார்கள். பல்லண்ணை முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். பெரிய கேமரா கழுத்தில் தொங்கியது. ஒரு பனித்தட்டின் அருகே வழிகாட்டி இயந்திரத்தை நிறுத்தினாள். அங்கே ஒரு நண்டுதின்னி, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மூக்கைச் சுருக்கியது.

வாயைத் திறந்தது. நன்றாக, நிதானமாகத் திறந்தது என்று பிறகு பல்லண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த நொடியில் படகிலிருந்த அத்தனைபேரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தோம். அவர் வாய் கடல்நாயின் வாயைவிட அகலமாகத் திறந்திருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கேமராவைத் தொடவே இல்லை. "என்ர அம்மாளாச்சி" என்றார், மூச்சுக்குள்ளே.

கடல்நாய் வாயை மூடிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது.

"எடுத்தனீங்களோ, தம்பி?" என்று என் போனைப் பிடுங்கினார். அதில் அவர் முகம். பெர்த் தம்பதியின் கேமராவில் அவர் முகம். வழிகாட்டியின் போனிலும் அவர் முகம். கடல்நாயின் வால்கூட எதிலும் இல்லை. அவருக்கு வந்த கோபத்தில் பனித்தட்டு உருகியிருக்கும். பிறகு என் போனிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கோபம் போய், டாக்டர் முகம் வந்தது. "கீழ் வலது கடைசிப் பல்லில சொத்தை. இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை" என்றார். படகே குலுங்கச் சிரித்தோம். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார்.

அடுத்த வருஷம் வேலை மாறி நாங்கள் மெல்பர்ன் வந்துவிட்டோம். தெருமுனையிலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார், நல்ல கைராசிக்காரர் என்கிறார்கள். நான் இன்னும் சிட்னிக்குத்தான் விமானம் ஏறுகிறேன். போன முறை பல்லண்ணை விளக்கை அடித்து நெடுநேரம் தேடிவிட்டு, "ஒரு கோளாறும் இல்லையே தம்பி, எந்தப் பல்லு நோகுது?" என்று கேட்டார்.

எந்தப் பல்லும் நோகவில்லை. அது எனக்கு மெல்பர்னிலேயே தெரியும்.