ஒன்றும் ஆகாது என்பவரும் ஒரு முழம் தோலும்

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர்கள், நன்றாக இருக்கட்டும். அப்படி இழுத்துப் பார்க்கிறவரைப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறவர் ஒருவர் இருப்பார் பாருங்கள், அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இந்த இனத்துக்கு 'ஒன்றும் ஆகாது' என்பவர்கள் என்று பெயர். தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். குடும்பத்துக்கு ஒருவர் நிச்சயம்.

கண்டுபிடிப்பது சுலபம். மருந்துப் பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று எழுதியிருந்தால் அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைப்பார். பிளக் உடைந்துபோனால் கம்பி இரண்டையும் துளையில் செருகித் தீக்குச்சியால் முட்டுக்கொடுப்பார். கால் ஆடும் ஏணியில் ஏறி, மின்விசிறியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டி, கீழே இறங்கி, உள்ளங்கையில் மிச்சமிருக்கும் இரண்டு திருகாணிகளைப் பார்த்து, "கம்பெனிக்காரன் தாராளமாப் போட்டிருக்கான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த விசிறிக்குக் கீழே அன்று மத்தியானம் யார் தூங்குவது? அவரே தூங்குவார். குறட்டை விட்டு.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கொடி நன்றாகவே படர்ந்திருக்கிறது. என் மாமனாரின் அண்ணன், ரயில் ஊதிய பிறகு நடைமேடைக் குழாயடியில் நின்று பாதி முகம் சவரம் செய்தவர். மீதிப் பாதியோடுதான் தன் தங்கை கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய இரண்டாவது மகன், எனக்குக் கொழுந்தன் முறை, அப்பாவைத் தூக்கிச் சாப்பிட்டவன். பெண்டாட்டி வந்தால் சரியாகிவிடுவான் என்றார்கள். வந்தவள் அவனையே பயந்தாங்கொள்ளி என்றாள்.

ஆனால் இந்த இனத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் என் தங்கை மருமகனைத்தான் பார்க்க வேண்டும். தங்கமான மனுஷன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, இந்த இரண்டு வார்த்தையைத் தவிர. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பை, கண்ணாடிக் கூடு, புத்தக உறை என்று தோலில் என்ன கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது அவர் வேலை. தோலில் பூவும் கொடியும் எழுப்புவது அவர் மனைவி, என் தங்கை மகளுடைய வேலை.

தோல் வேலை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தோலில் சித்திரம் பதிய வேண்டுமானால் முதலில் அதை நனைக்க வேண்டும். நனைந்த தோல் சொன்ன பேச்சுக் கேட்கும். கீறினால் கீறல் நிற்கும். அச்சை வைத்து மரச்சுத்தியால் தட்டினால் பள்ளம் பதியும். ஆனால் தட்டத் தட்ட, பிசைந்த மாவைப் போல நாலு பக்கமும் நகரவும் செய்யும். அதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் பின்பக்கத்தில் பார்சல் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி இறுக்கிவிட்டு, சுற்றிலும் இரண்டு விரல் அதிகம் விட்டு வெட்டி, ஸ்பாஞ்சால் அளவாக ஒற்றி, நனைந்த கறுப்பு போய்த் தோலின் பழைய நிறம் திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் சுத்தியைத் தொடுவார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் பிடிக்குமா?

நம்மவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஜென்ம விரோதி.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்த நர்சம்மா ஓய்வு பெற்றுத் தன் தங்கை வீட்டோடு போகப் போவதாகச் சேதி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு. என் தங்கை மகளுக்குப் பெண் பிறந்தது ஏழாம் மாதத்தில். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து அதைப் பிழைக்க வைத்தது அந்த நர்சம்மாதான். இன்றைக்கு அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிறது. அந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்ப இவளுக்கு மனசு வரவில்லை. தச்சுப் பட்டறை வைத்திருக்கும் தன் அண்ணனிடம் சொல்லி ஒரு முழ நீளத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னாள். மூடியில் ஒரு சட்டம். அதற்குள் தோல் சித்திரம் கச்சிதமாக உட்கார வேண்டும். கூட்டில் ஒரு குருவி, வாயைப் பிளந்துகொண்டு ஒரு குஞ்சு, சுற்றிலும் இலைக்கரை. காகிதத்தில் அதை வரைய மட்டும் ஒரு வாரம் ஆயிற்று அவளுக்கு.

வரைந்து முடித்ததும் நம்மவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"இதை நான் அடிக்கிறேன். என் புள்ளையைக் காப்பாத்துனவங்க. நானும் ஏதாவது செய்ய வேணாமா?"

இந்தப் பேச்சுக்கு எந்தப் பெண்டாட்டி குறுக்கே நிற்பாள்? கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன். அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள், அவர் பட்டறையிலிருந்து பதில் சொல்கிறார்.

"பின்னாடி டேப் ஒட்டிட்டீங்களா?"

"எதுக்கு?"

"இழுத்துக்கும்ங்க."

"எருமைத் தோலும்மா இது. உயிரோட இருந்தப்பவே ஹாரன் அடிச்சாலும் நகராது. இப்பவா நகரப்போகுது?"

"ஓரத்துல ரெண்டு விரல் விட்டு வெட்டுனீங்களா?"

"சட்டத்தை அளந்து, அதே அளவுக்கு வெட்டியாச்சு. எதுக்கு வீணா?"

"தண்ணியாவது..."

"ஒண்ணும் ஆகாதும்மா! நீயும் பயந்து என்னையும் ஏன் பயமுறுத்துறே? அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

அத்தை என்றால் நான். நான் என்ன சொல்ல? எட்டிப் பார்த்தேன். தோலை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, குளிப்பாட்டிய குழந்தையைப் போல ஒரு உதறு உதறிக் கல்பலகை மேல் போட்டுக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட அடிக்க ஆரம்பித்தவர், பக்தியோடு அடித்தார், பாசத்தோடு அடித்தார், நர்சம்மா செய்த உதவி ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து அடித்தார். நன்றி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாயிற்று தோலும்.

சாயங்காலம் எடுத்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் நீளத்தில் அரை விரல் வெளியே நிற்கிறது. ஓரத்தை வெட்டலாமென்றால் இலைக்கரை போய்விடும். என் தங்கை மகள் வந்து பார்த்தாள். இழுபட்டு நீண்டிருந்த குருவியின் கழுத்தை விரலால் அளந்தாள்.

"நான் குருவி வரைஞ்சேன்."

"ஆமா."

"இங்க கொக்கு நிக்குது."

"ஏன், கொக்கு தன் குஞ்சுக்கு ஊட்டாதா?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றும் ஆகாது என்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்? அழமாட்டார். ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஆனதை அப்படியே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி மாற்றக் கிளம்பிவிடுவார். சட்டை சின்னதாகத் தைத்துவிட்டால் உடம்பை இளைக்கச் சொல்கிற கூட்டம் இது. "வெயில்ல வச்சா தோல் சுருங்கும், சுருங்கலேன்னா பெட்டியைப் பெருசாக்கிடலாம்" என்று இரண்டு வழியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, புதன்கிழமை காலையில் தோலை மாடியில் காயப்போட்டார். அதன் நீளத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு மச்சானின் தச்சுப் பட்டறைக்கு நடந்தார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் இவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, அவர் அங்க வர்றாரு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடாதே."

"என்ன சொல்லிப் பிடிச்சு வைக்கிறது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவரே சொல்லுவாரு."

அவரேதான் சொன்னாராம். பிறகு அந்தத் தச்சனே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"மச்சான், பெட்டியை அரை விரல் பெருசாக்கணும்."

"பெட்டி என்ன வளர்ற புள்ளையா மாப்ளே, பால் ஊத்திப் பெருசாக்க?"

"அப்போ மூடியை மட்டும்."

"அப்பன் தொப்பியைப் புள்ளை போட்ட மாதிரி இருக்கும்."

"ஒண்ணும் ஆகாது மச்சான்."

"சரி, டேப் ஒட்டுனீங்களா?"

நம்மவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப நேரம் படித்தாராம். அப்புறம் ஒரு பலகையைக் கொடுத்து, புது மூடிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னதும், அன்று முழுவதும் தேய்த்தார். ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்கி, மறுநாளும் தேய்த்தார். வேலைக்கு அஞ்சாதவர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே வீட்டில் என்ன நடந்தது என்கிறீர்கள்? போனை வைத்தவள் பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு துண்டுத் தோலை உருவினாள். சுற்றிலும் இரண்டு விரல் அதிகம். பின்பக்கத்தில் பார்சல் டேப், குறுக்கும் நெடுக்கும், ஒரு சுருக்கமில்லாமல்.

"இது எப்போடி வெட்டுனே?"

"அவர் 'நான் அடிக்கிறேன்'னாரே பெரியம்மா, அன்னைக்கே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஸ்பாஞ்சால் ஒற்றினாள். காத்திருந்தாள். நிறம் திரும்பியதும் கீறினாள். ஒரே நாளில் செய்கிற வேலையா அது? புதனும் வியாழனும் கல்பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. சோற்றை நான்தான் உருட்டி வாயில் கொடுத்தேன். மரச்சுத்தி பூனை நடக்கிற மாதிரி தட்டியது. வியாழன் சாயங்காலம் ஓரத்தை வெட்டிச் சட்டத்தில் வைத்தாள். கட்டைவிரலால் ஒரு அமுக்கு. உட்கார்ந்துவிட்டது. குருவி குருவியாகவே இருந்தது. மாடியில் காய்ந்து சுருண்டு கிடந்த கொக்கை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் போட்டாள்.

தலையெல்லாம் மரத்தூளோடு, தொப்பிபோல ஒரு மூடியைச் சுமந்துகொண்டு அவர் வந்து சேர்ந்தார். மேஜைமேல் பெட்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். ஒப்புக்கொள்ளப் போகிறார், ஐயோ பாவம் என்று நினைத்தேன்.

"பாத்தியா!" என்றார். "வெயில் வேலை செஞ்சிருக்கு! கழுத்துகூட உள்ள போயிருச்சு!"

என் தங்கை மகள் என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, நல்ல வெயில்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பில் நர்சம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குருவியைத் தடவித் தடவிப் பார்த்தார். நம்மவர் பக்கத்தில் நின்று, தோலைப் பார்த்துப் பயப்படவே கூடாது, டேப்பு கீப்பெல்லாம் தைரியமில்லாதவர்களுக்கு என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் தங்கை மகளின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"தம்பி, பிரசவத்தன்னைக்கும் நீங்க இதையேதான் சொன்னீங்க. வெளியே நின்னுக்கிட்டு ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு. உள்ளே இவளும் நானும் பட்ட பாடு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா!" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

அவ்வளவுதான். அங்கே இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆனதில்லை அல்லவா? மழை வந்த அன்றைக்குக் குடை எப்படியோ பைக்குள் இருந்தது, கட்ட மறந்த கரண்டுக் கட்டணம் எப்படியோ கட்டப்பட்டிருந்தது, தொலைந்த சாவிக்கு எப்படியோ இன்னொரு சாவி கிடைத்தது. நமக்கு எப்போதும் நல்ல நேரம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் சத்தம் போடாமல் எழுந்து உள்ளே போய் எட்டிப் பாருங்கள். நீங்கள் திறந்துவிட்டு மறந்துபோன குழாயை இந்நேரம் யாரோ அடைத்துக்கொண்டிருப்பார்கள். சிரித்துக்கொண்டே அடைக்கிறார்களா, பல்லைக் கடித்துக்கொண்டா என்பதை மட்டும் ஒரு கண் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.